நாற்பத்தாறு காசு

ஆகஸ்ட் 26

நொய்யல் பம்ப்ஸின் ஆண்டறிக்கை மின்னஞ்சலில் வந்தது. 214 பக்கம். ஆடிட்டர் ஆபீசில் எல்லோரும் சாப்பிடப் போனதும் நேராகச் சம்பளப் பக்கத்தைத் திறந்தேன். எம்.டி. கோதண்டபாணி, சம்பளமும் கமிஷனும் சேர்த்து நாலு கோடியே இருபது லட்சம். நடுத்தரத் தொழிலாளியின் சம்பளத்தைப்போல 118 மடங்கு. இதை அவர்களே அச்சிட்டாக வேண்டும் என்று சட்டம். அச்சிட்டால் போதும், வெட்கப்பட வேண்டும் என்று சட்டம் இல்லை.

அந்தக் கம்பெனியின் ஃபவுண்டரியில் அப்பா முப்பத்திரண்டு வருஷம் மோல்டர். மண்ணில் அச்சு எடுத்து, அதில் உருக்கிய இரும்பை ஊற்றும் வேலை. ஓய்வூதியம் மாதம் 2,870 ரூபாய். 1994-இல் கம்பெனி பங்குச்சந்தைக்கு வந்தபோது தொழிலாளிகளுக்கும் கொஞ்சம் பங்கு ஒதுக்கினார்கள். மற்றவர்கள் விலை ஏறியதும் விற்று மொபெட் வாங்கினார்கள். அப்பா விற்கவில்லை. போனஸ் பங்குகள் சேர்ந்து இப்போது 1,200. எங்கள் சொத்து இவ்வளவுதான். கணக்கு அப்பா பெயரில், ஆப் என் போனில்.

இன்று தண்ணீர் வந்தது, ஒன்பது நாள் கழித்து. வாழ்நாளெல்லாம் பம்ப் வார்த்த மனிதர் பதினெட்டுக் குடம் தூக்கினார். நான் பத்து.

ஆகஸ்ட் 28

சாப்பிடும்போது ஆரம்பித்தேன். "எல்லாத்தையும் ஒரே கம்பெனில வெச்சிருந்தா எப்படிப்பா? பாதிய வித்து வேற எதுலயாவது போடலாம்."

"எம்.டி. எதுல போட்டிருக்காரு?"

"அவருக்கு பங்களா இருக்கு, தோட்டம் இருக்கு."

"இருக்கட்டும் கண்ணு. அதெல்லாம் சேத்தாலும் கம்பெனில இருக்கறதுல கால்வாசி தேறாது. அந்த மனுசன் முங்குனா மொத்தமா முங்குவாரு. நாம தனியா முங்க மாட்டோமல்லோ."

ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய்விட்டார். ஒரு முதலாளியை நம்புவதற்கு இதைவிடக் கேவலமான காரணம் இருக்க முடியாது என்று நினைத்தேன். பாத்திரம் கழுவும்போது, இதைவிட நல்ல காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 30

பழைய ஆண்டறிக்கைகளையும் இறக்கிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓட்டை தேடித்தான்.

கோதண்டபாணி பழைய காரில் வருகிறார் என்று பத்திரிகைகள் உருகுகின்றன. கார் எனக்கு எதையும் சொல்லவில்லை. வேறு சில சொல்கின்றன. 2009-இல் ஆர்டர் இல்லை. அந்த வருஷம் முழுக்க அவர் சம்பளம் எடுக்கவில்லை, ஆளையும் குறைக்கவில்லை. முப்பது வருஷத்தில் ஒருமுறைகூடத் தன் பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியதில்லை. 2020 மார்ச்சில் விலை பாதிக்குமேல் விழுந்து எல்லோரும் விற்று ஓடியபோது, சொந்தப் பணத்தைப் போட்டு வாங்கியிருக்கிறார்.

2017-இல் ஃபவுண்டரிக்குத் தூசி உறிஞ்சும் இயந்திரம், நாற்பது கோடி. அந்த வருஷ லாபத்தில் பாதி. பெரிய ஃபண்டுக்காரர்கள் கத்தியிருக்கிறார்கள், பங்கு விலை ஐந்தில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது. சம்பளத்துக்கு இருக்கும் நிர்வாகியாக இருந்தால் மூன்று மாதத்தில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இவரை யார் அனுப்புவது? பாதிக்குமேல் இவர் குடும்பத்துடையது. இவர் பாட்டுக்கு இயந்திரத்தைப் போட்டுவிட்டார். வேறெந்த ஃபவுண்டரியும் அப்போது போடவில்லை.

அப்பா ஓய்வுபெற்றது 2016-இல். அப்பாவோடு மோல்டிங்கில் நின்ற சின்னராசு மாமா இருமி இருமிச் செத்தது 2015-இல்.

கிருபாகரன் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்தான். ஆபீசில் எனக்குப் பக்கத்து மேசை, என்னோடு சேர்ந்து சி.ஏ. பரீட்சையில் இரண்டுமுறை தோற்றவன். "ஏ சுடரு, காதல் கடுதாசி மாதிரி படிக்கிற."

"ஓட்டை தேடறேன்டா."

"தேடு தேடு. அடிக்கோடெல்லாம் பாத்தா அப்படித் தெரியல."

செப்டம்பர் 1

கிடைத்துவிட்டது.

இன்றைய ஞாயிறு வீணாகவில்லை. அறிக்கையின் 187-ஆம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: நீலம்பூர் குடோனுக்குக் கம்பெனி தரும் வாடகை. வாங்குபவர் எம்.டி.யின் மனைவி. சதுர அடிக்குப் பதினெட்டு ரூபாய் வருகிறது. கிருபாகரனின் வண்டியில் நீலம்பூர் போனோம். பக்கத்திலேயே மூன்று குடோன் வாடகைக்கு என்று போர்டு தொங்குகிறது. மிளகாய் வியாபாரி என்று சொல்லிப் போன் செய்தேன். பதினொன்று என்றார்கள். இரண்டு பேர் பத்துக்கும் தயார்.

வரும்போது மழை. கிருபாவுக்குச் சளி. அவன் அம்மா என்னைத் திட்டியிருப்பார்.

செப்டம்பர் 3

கணக்கை ஒரு தாளில் எழுதினேன். கூடுதலாகப் போகும் ஒவ்வொரு ரூபாயும் எம்.டி. வீட்டுக்கு முழுசாகப் போகிறது. ஆனால் கம்பெனியில் அவர் குடும்பத்துக்கு 54 சதவீதம். ஆக, ஐம்பத்து நாலு காசை அவர் தன் வலது பாக்கெட்டிலிருந்து எடுத்து இடது பாக்கெட்டில் போடுகிறார். மீதி நாற்பத்தாறு காசு மற்ற பங்குதாரர்களுடையது. அதில் துளியோ துளி, வெள்ளிங்கிரி என்ற மோல்டருடையது.

20-ஆம் தேதி ஆண்டுக் கூட்டம். அப்பாவின் சார்பாகப் பிராக்ஸி போட்டுக்கொண்டு போய் எழுந்து கேட்கப்போகிறேன் என்றேன். கிருபா சிரித்துச் சிரித்து இருமினான்.

"கம்பெனிச் சட்டத்துல ரெண்டு தடவை ஃபெயிலானது வீண் போகல. பிராக்ஸியாப் போறவங்க ஓட்டுத்தான் போடலாம். வாயத் தெறக்கக் கூடாது. பேசணும்னா உங்கப்பாதான் பேசணும்."

பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது.

செப்டம்பர் 5

வருஷத்துக்கு ஒரு நாள் அப்பா முதலாளி ஆகிறார். அதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். கூட்டம் எப்போதும் கம்பெனி கேன்டீனில்தான். டோக்கனோடு அவர் வரிசையில் நின்று சாப்பிட்ட அதே இடத்தில், அன்றைக்கு வெள்ளை உறை போட்ட நாற்காலி. வெள்ளைச் சட்டையைத் தானே தேய்ப்பார். நடு வரிசையில் உட்காருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். கேசரியைச் சாப்பிட்டுவிட்டு வடையைக் காகிதத்தில் சுற்றி எனக்குக் கொண்டுவருவார். அம்மா இருந்தவரை இரண்டாகப் பிய்த்துக்கொள்வோம்.

தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டுமுறை படித்தார்.

"இதையா? நானா? அவரு மூஞ்சியப் பாத்தா?"

"ஏம்ப்பா, நீங்களும் ஓனர்னு சொல்லுவீங்கல்ல?"

"சொல்லுவேன்."

"அப்பக் கேளுங்க."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

செப்டம்பர் 8

சமையலறையில் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, "மிச்சம் நாப்பத்தாறு காசு எங்களுதுங்க" என்கிறார். அடுத்தமுறை கொஞ்சம் சத்தமாக. 'எங்களுது' என்ற இடத்தில் கத்தி நிற்கிறது.

நான் பார்க்காததுபோல் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 11

காலை 11.20. செய்தி ஆப் அலறியது: நொய்யல் பம்ப்ஸ் எம்.டி. 4.1 சதவீதப் பங்குகளைக் கைவிட்டார். பங்குச்சந்தைக்கு அனுப்பிய படிவத்தைத் திறந்தேன். கோதண்டபாணி. முன்பு 31.2, இப்போது 27.1. விலை பன்னிரண்டு சதவீதம் கீழே. நான் பார்க்கப் பார்க்க இறங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை நாள் படித்ததெல்லாம் இதற்குத்தானா என்று ஆத்திரமாக வந்தது. அவரும் அவ்வளவுதான். படகை விட்டு முதலில் குதிப்பது எப்போதும் அவர்கள்தான். அப்பா மட்டும் உட்கார்ந்து முங்க வேண்டுமா?

விற்பதற்கு ஓடிபி அப்பாவின் போனுக்குப் போகும். கூப்பிட்டேன்.

"ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க."

"எதுக்கு கண்ணு?"

"கேஸ் புக் பண்ண."

வைத்துவிட்டு, கண்ணாடி தேடி, திரும்ப அழைத்தார். ஒவ்வொன்றாகப் படித்தார். நாலு, ஒம்போது, ஒம்போது, சைபர், ரெண்டு, ஏழு. "சரியாச் சொன்னனா?" என்றார்.

சரியாகச் சொன்னார். 1,200-ம் போய்விட்டது. 622 ரூபாய்.

அவருடைய நல்லதுக்குத்தான்.

செப்டம்பர் 12

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிருபா கேட்டான். "எம்.டி. அக்காவுக்குக் குடுத்ததுக்குப் போய் இப்படி விழுந்துச்சே, நீ வாங்கிப் போட்டியா?"

படிவத்துக்கு இரண்டாவது பக்கம் இருந்தது. பரிமாற்ற வகை: அன்பளிப்பு. பெறுபவர்: வசுந்தரா, உடன்பிறந்த சகோதரி. விற்பனை இல்லை. ஒரு பைசா கைமாறவில்லை. குடும்பத்தின் 54 அப்படியே 54.

வருமானவரிப் படிவங்களின் கடைசிப் பக்கம்வரை சரிபார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

விலை மதியமே ஏறத் தொடங்கிவிட்டது. சந்தை மூடிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா போனை நீட்டினார். "என்னமோ இங்கிலீசுல வந்திருக்குது, படி." உங்கள் கணக்கிலிருந்து 1,200 பங்குகள் வெளியேறின என்று இருந்தது.

பேங்க் விளம்பரம் என்றேன்.

செப்டம்பர் 13

சந்தை திறந்ததும் திரும்ப வாங்கினேன். 711. வந்த பணத்துக்கு 1,046 பங்கு. 154 காணாமல் போயிற்று. அப்பா முப்பது வருஷம் தொடாமல் வைத்திருந்ததில் 154-ஐ நான் இரண்டு நாளில் தொலைத்தேன்.

எம்.டி. ஒன்றும் செய்யவில்லை. அவர் அக்காவுக்குக் கொடுத்தார், அவ்வளவுதான்.

செப்டம்பர் 14

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. கூட்டத்துக்கு வருபவர்களின் பட்டியலை 13-ஆம் தேதி மாலை இருக்கும் பங்குதாரர்களை வைத்துத்தான் எடுப்பார்கள். நேற்று வாங்கியது கணக்கில் ஏறுவது திங்கட்கிழமை. நேற்று மாலை அப்பா கணக்கில் ஒன்றுமே இல்லை.

20-ஆம் தேதி வெள்ளைச் சட்டையோடு கேட்டுக்குப் போவார். பேர் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். முப்பத்திரண்டு வருஷம் நுழைந்த கேட்டிலிருந்து.

தண்ணீர் வந்தது. எத்தனை குடம் என்று எண்ணவில்லை.

செப்டம்பர் 16

"இந்த வருசம் கூட்டம் ஆன்லைன்லதானாம்ப்பா" என்றேன்.

"இல்லியே. கேன்டீன்லன்னுதான் போட்டிருக்குது."

"எதுல?"

ட்ரங்குப் பெட்டியைத் திறந்தார். ரேஷன் கார்டு, அம்மாவின் இறப்புச் சான்றிதழ், அதன் கீழே ஒரு கடித உறை. மெயிலுக்கு வருவது தவிர தபாலிலும் அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. உறைக்கடியில் பழுப்பேறிய காகிதம், கம்பெனி முத்திரையோடு. ஐம்பது பங்குகளுக்கான பத்திரம். 1994. ஃபோலியோ எண், அதாவது பங்குதாரர் பதிவேட்டில் அவர் எண், 417. இந்த ஐம்பதுக்காகவே கூட்டப் பட்டியலில் அவர் பெயர் இருக்கும்.

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொன்னப்ப இதை மட்டும் குடுக்கல. பேப்பர் வெச்சிருக்கறவங்க விக்க முடியாது, ஆனா வெச்சுக்கலாம்னு சொன்னாங்க. விக்காம வெச்சுக்கறதுதானே நமக்கு வேணும்." பத்திரத்தைத் தடவினார். "ஆப்புல இருக்கறது உங்கையில இருக்குது. இது எங்கையில இருக்கட்டும்னு."

அந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு மணி நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 20

ஆபீசில் விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டு நானும் போனேன். கம்பெனி கேட்டில் அப்பா செக்யூரிட்டியிடம், "எம் பொண்ணுங்க. எனக்குக் கண்ணு செரியாத் தெரியாது, படிச்சுக் காட்ட வந்திருக்குது" என்றார். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கவிட்டார்கள்.

எம்.டி. கோதண்டபாணியை முதல்முறை நேரில் பார்த்தேன். குள்ளமான மனிதர். பன்னிரண்டு நிமிஷம் பேசினார். தாமிர விலை ஏறியது, இரண்டு டீலர்கள் ஏமாற்றியது, புது மோட்டார் ஒன்று ஓடாமல் போனது. "அது என் முடிவு, தப்பு" என்றார். நல்ல செய்தி கடைசியில் ஒரே வரி.

சென்னையிலிருந்து வந்த ஒருவர் எழுந்து, உங்கள் பொற்காலத் தலைமையில் என்று தொடங்கி, கடைசியில் குத்தினார். நீங்களே கைவிட்டால் நாங்கள் எதை நம்பி வைத்திருப்பது?

"நான் விக்கலீங்க" என்றார் எம்.டி. "எங்கப்பா கம்பெனிய எம் பேர்ல எழுதினாரு. மொத லேத்து வாங்குனது எங்கக்காவோட நகைய வெச்சு. அக்கா பேர்ல ஒண்ணும் எழுதல. பொம்பளைப் புள்ளைன்னு விட்டுட்டாரு. முப்பது வருசம் நானும் வெச்சிருந்தேன். இப்பக் குடுத்துட்டேன். அந்தப் படிவத்துல ரெண்டாவது பக்கம் ஒண்ணு இருக்குதுங்க."

சிலர் சிரித்தார்கள். நான் தொட்டிக் குழாயை இறுக்கி மூடினேன். சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அப்பா எழுந்தார். மைக்கை வாங்கினார். தாள் சட்டைப்பையிலேயே இருந்தது.

"வெள்ளிங்கிரிங்க. ஃபோலியோ நாநூத்திப் பதினேழு."

அவ்வளவு பழைய, சின்ன எண்ணைக் கேட்டு முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

"நீலம்பூர் குடோனுக்கு அடிக்குப் பதினெட்டு ரூபா குடுக்கறோம்ங்க. பக்கத்துலயே பதினொண்ணுக்குக் கெடைக்குது. எச்சாப் போற ஒவ்வொரு ரூபாய்லயும் அம்பத்து நாலு காசு உங்களுது. அது உங்க இஷ்டம். மிச்சம் நாப்பத்தாறு காசு எங்களுதுங்க."

கம்பெனிச் செயலாளர் மைக்கைப் பிடித்து, எல்லாம் சட்டப்படி, இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு என்று ஆரம்பித்தார். எம்.டி. அவர் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"மோல்டிங்ல இருந்த வெள்ளிங்கிரியா நீங்க?"

"ஆமாங்க."

முப்பத்திரண்டு வருஷம் அப்பாவை 'நீ' என்று சொன்னவர்.

"அந்த குடோன் என் சம்சாரம் பேர்ல இருக்குது. வாடகை பேசுனப்ப அந்த வெலை செரி. அப்புறம் சுத்திலும் கட்டித் தள்ளிட்டாங்க, வாடகை எறங்கிருச்சு. நான் எறக்கல. மறந்துட்டேன்னு சொன்னா பொய். யாரும் கேக்கல, நானும் கம்முனு இருந்துட்டேன்." செயலாளரைப் பார்த்தார். "எழுதிக்குங்க. அடுத்த மாசத்துல இருந்து பதினொண்ணு. இதுவரைக்கும் எச்சா வாங்குனது எவ்வளவுன்னு ஆடிட் கமிட்டி கணக்குப் போடட்டும். திருப்பிக் கட்டறேன்."

கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. என் கையில் அப்பாவின் கண்ணாடிக்கூடு இருந்தது.

அப்பா உட்காரவில்லை. அதற்குமேல் நான் எதையும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

"இன்னொண்ணுங்க. தூசி உறிஞ்சற மிஷினு போட்டீங்க. பசங்க நல்லாருக்காங்க. இந்த ஊர்ல வேற யாரும் போடல, நீங்க போட்டீங்க." நிறுத்தினார். "கொஞ்சம் முன்னாலயே போட்டிருக்கலாம்ங்க."

இதற்கு எம்.டி. யாரையும் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தள்ளிவைத்தார். "போட்டிருக்கலாம்" என்றார். அதை விளக்க முயன்றிருந்தால் நான் அவரை வெறுத்திருப்பேன். வெறுக்கத் தயாராகத்தான் போயிருந்தேன்.

பஸ்ஸில் அப்பா வடையை எடுத்துக் கொடுத்தார்.

"அந்த மெசேஜ்," என்றார். "ஜெராக்ஸ் கடைக்காரரு அடுத்த நாளே படிச்சுச் சொல்லிட்டாரு."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "ஏம்ப்பா கேக்கல?"

"எம்.டி. மாதிரிதான் நானும், கம்முனு இருந்துட்டேன். நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

"154 போயிருச்சுப்பா."

"நம்பர் கேட்டப்பவே கேஸுக்கு இல்லைன்னு தெரியும் கண்ணு. அன்னைக்குக் காத்தாலதான் சிலிண்டர் வந்துச்சு."

ஸ்டாப்பிங் வரும்வரை வடையைக் கையிலேயே வைத்திருந்தேன்.

செப்டம்பர் 22

கிருபாவுக்குச் சண்டை போட ஆள் வேண்டும். "ஒத்துக்கோ, அந்தாளு நல்லவரு."

நல்லவரா கெட்டவரா என்பது எனக்குத் தேவையில்லை என்றேன். கேட்காதவரை அவரும் கம்மென்று இருந்தவர்தான். ஆனால் நூற்றுக்கணக்கான பேர் முன்னால் ஒரு மோல்டர் கேட்டதும், பொய்யைத் தேடாமல் நின்றார். அவருடைய சொத்தும் எங்கள் சொத்தும் ஒரே இடத்தில் கிடக்கிறது, அதனால்கூட இருக்கலாம். காரணம் எதுவானாலும், நான் அதைச் செய்யவில்லை. பேங்க் விளம்பரம் என்று சொன்னவள் நான்.

கடைசி இரண்டு வாக்கியத்தைக் கிருபாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 12

நேற்று அரையாண்டு முடிவுகளைப் பங்குச்சந்தைக்கு அனுப்பியிருந்தார்கள். நீலம்பூர் வாடகை பதினொன்று. அதற்குக் கீழே, எம்.டி.யின் மனைவியிடமிருந்து திரும்பப் பெற்ற தொகை, ஒரு கோடியே ஏழு லட்சம். கூடுதலாக வாங்கிய கடைசி மாதம்வரை. பத்தொன்பது பக்கம். பத்தொன்பதையும் படித்தேன்.

படித்த பிறகு, என் சம்பளத்திலிருந்து அப்பா கணக்கில் நாலு பங்கு வாங்கினேன். மாதம் நாலு என்றால் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். ஆகட்டும்.

இன்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் போன் சிணுங்கியது. ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்.

"என்னமோ வந்திருக்குது. படி."

குடத்தை இறக்கிவைத்துவிட்டு வாங்கினேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, ஒவ்வொரு சொல்லாக, தமிழில் அவருக்குப் படித்துச் சொன்னேன்.